எண்களை ஒழுங்குபடுத்தலும் மன்னார்ச் சலாபக் கணக்கும்

எண்ணிக் குறித்த எண்கள், குறித்த வரிசையிலேயே கிடக்குமாயின் அவற்றைப் பண்படாத் தரவுகள் எனலாம். அவற்றை அட்டவணையாகத் தொகுத்தலும் வரைபடமாகக் காட்டலும் இன்று பாடசாலைக் கணிதத்தில் ஓர் அத்தியாயமாக அமைந்துள்ளன. மாணவர் வரவுக்குறி இடுகின்றனர், சலாகைகளுக்கு நிறந்தீட்டுகின்றனர், பரீட்சையிற் புள்ளியும் பெறுகின்றனர். ஆயினும், ஓர் அட்டவணை ஏன் இவ்வாறு அமைந்தது, வேறு விதமாக அமைந்திருப்பின் எதனைக் காட்டியிருக்கும், எதனை மறைத்திருக்கும் என்னும் வினா வகுப்பறையில் எழுவது அரிது. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். பாடநூல்களில் வழக்கமாக வரும் பந்தாட்ட ஓட்டங்களையும் மாணவர் உயரங்களையும் விடுத்து, இலட்சக்கணக்கான ரூபாயும் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பும் தங்கியிருந்த ஒரு கணக்கை இதற்குச் சான்றாகக் கொள்கின்றேன். அது மன்னார் முத்துச் சலாபக் கணக்கு.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் உள்ளன. அவற்றுக்கு எதிரே, கடலடியிற் சிப்பிகள் பற்றி வளரும் கற்றிட்டுக்களைப் பார்கள் என்பர். பெரிய பார், மோதரகம் பார் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. இக்குடாவின் முத்தை உலகம் பண்டே அறியும். திருக்கேதீச்சரத்தை அணித்தாகக் கொண்ட மாதோட்டத் துறைக்கு மரக்கலங்கள் வந்த காலத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் கூறுவர். அவ்விரிவுள் நாம் இப்போது புகவேண்டியதில்லை. நமக்கு வேண்டுவது கணக்கு எழுதப்பட்ட காலம். பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்திலே சலாபத்தின் வருவாய் எத்துணை முக்கியமாகக் கருதப்பட்டது என்பதற்கு, தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையிலான காலத்தில் அரிப்புக் கடற்கரையிற் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகளே சான்று பகரும்.

சலாபக் காலத்தில் வெறுமணலாய்க் கிடந்த கரையிலே ஒரு நகரம் எழும்பும். தூத்துக்குடி, கீழக்கரை முதலிய துறைகளிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வருவர், வணிகர் வருவர், சுறாமீனின் வாயைக் கட்டுவதாகக் கூறும் கடல்கட்டியும் வருவார். பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகிற் பெயர்பெற்ற லெனாட் வூல்ப், 1906ஆம் ஆண்டில் இளம் அரசாங்க உத்தியோகத்தராக மறிச்சுக்கட்டிப் பாளையத்திற் கடமையாற்றியவர். விடியுமுன் சென்ற தோணிகள் கடற்காற்றோடு திரும்பியதும், சிப்பிகள் யாவும் கொட்டு எனப்பட்ட வேலியடைத்த முற்றத்துக்குக் கொண்டுவரப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த முறைப்படி, குளிகாரரே தம் சிப்பிகளை மூன்று குவியல்களாகப் பிரித்து வைப்பர். அவற்றுள் இரண்டை அரசாங்க உத்தியோகத்தர் தெரிந்தெடுப்பார். எஞ்சிய ஒன்று குளிகாரருக்கு உரியது. எவற்றை அவர் எடுப்பார் என்பது முன்னர்த் தெரியாமையால் மூன்று குவியலும் சமமாகவே அமையும். நேர்மையை மேற்பார்வையால் அன்றி விதியாலேயே வருவித்த இவ்வேற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. அரசாங்கப் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலத்தில் விற்கப்படும்.

இனி, அக்கொட்டின் வாயிலில் ஒரு கணக்கர் இருந்ததாகக் கற்பனை செய்வோம். பின்வரும் எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்துக்கொண்டவை. எந்தச் சலாபத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. இருபது தோணிகள் வந்து சேர்ந்த ஒழுங்கில், ஒவ்வொன்றும் கொண்டுவந்த சிப்பிகளைக் கிட்டிய ஆயிரத்துக்கு அவர் குறிக்கின்றார்:

12, 7, 19, 15, 9, 22, 14, 16, 11, 28, 13, 17, 8, 15, 21, 18, 14, 6, 16, 12.

இவ்வரிசையில் ஒரு செய்தி உண்டு. எத்தோணி முன் வந்தது, எது பின் வந்தது என்பதே அது. வேறு எதனையும் இது எளிதிற் சொல்லாது. ஏறுவரிசையில் எழுதினால் மிகச் சிறியது 6, மிகப் பெரியது 28, வீச்சு 22 என்பன உடனே புலனாகும். ஆனால் வந்த ஒழுங்கு அழிந்துவிடும். ஒழுங்குபடுத்தல் யாவற்றிலும் இவ்வாறு ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்கின்றோம். ஆதலின் மூலக் குறிப்பை ஒருபோதும் அழித்தலாகாது. அட்டவணையை வேறு தாளில் எழுதி, மூலத்தைப் பேணி வைத்தலே முறை.

ஐயைந்தாக வகுத்து வரவுக்குறி இட்டால் நாம் பெறுவது பின்வரும் மீடிறன் பரம்பல்:

| சிப்பிகள் (ஆயிரத்தில்) | தோணிகள் |
|---|---|
| 5 – 9 | 4 |
| 10 – 14 | 6 |
| 15 – 19 | 7 |
| 20 – 24 | 2 |
| 25 – 29 | 1 |
| மொத்தம் | 20 |

இருபது எண்கள் ஐந்தாகக் குறைந்தன. ஆயினும் காட்சி தெளிவடைந்தது. பெரும்பாலான தோணிகள் பத்துக்கும் இருபதுக்கும் இடையே நின்றன. மிகுதியாகக் கொணர்ந்தவை சில. வகுப்பாயிடையைப் பத்தாக விரித்தாற் பத்துக்குக் கீழ் 4, பத்து முதல் பத்தொன்பது வரை 13, அதற்கு மேல் 3 என மூன்றே வரிகள் எஞ்சும். நடுவிலுள்ள வேறுபாடு மறைந்துவிடும். ஒவ்வோர் ஆயிரத்தையும் தனி வகுப்பாகக் கொண்டாலோ ஏறத்தாழ எல்லாம் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிப் பண்படாத் தரவுக்கே திரும்பிவிடுவோம். எத்தனை வகுப்புக்கள் வேண்டும் என்பதற்கு வாய்பாடுகள் உள. ஆயினும் இரண்டு மூன்று விதமாக வகுத்துப் பார்த்து, எதில் உருவம் சிதையாமலும் சிதறாமலும் நிற்கின்றதோ அதனைக் கொள்வதே அனுபவமுள்ளோர் செய்வது.

மாணவர் இடர்ப்படும் இடம் ஒன்று உண்டு. 14க்கும் 15க்கும் இடையில் எல்லை எங்கே? கணக்கர் கிட்டிய ஆயிரத்துக்கு எழுதியமையால் 14 என்பது 13.5 முதல் 14.5 வரையுள்ள எதனையும் குறிக்கும். ஆகவே உண்மை எல்லை 14.5. வலையுருவரையம் வரையும்போது நிரல்கள் அவ்விடத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்றல் வேண்டும். கடைசி இரு வகுப்புக்களையும் சேர்த்து 20 – 29 என ஆக்கினால் மீடிறன் 3, அகலமோ இரட்டிப்பு. அந்நிரலை 3 அலகு உயரத்துக்கு எழுப்புதல் பிழை; 1.5 அலகே உயரம். வலையுருவரையத்தில் மீடிறனைக் காட்டுவது பரப்பு, உயரம் அன்று.

வகுப்புக்கள் யாவும் சம அகலமாய் இருத்தல் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். முத்து வணிகர் அவ்வாறு எண்ணவில்லை. கழுவியெடுத்த முத்துக்களை அவர்கள் பித்தளையாலான பத்துச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டு அரிப்பர். கிண்ணம் போன்ற அச்சல்லடைகள் ஏறக்குறைய ஒரே பருமனுடையன. துளைகளின் தொகை மட்டும் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 எனப் பெருகிச் செல்லும். துளைகள் பெருகப் பெருக ஒவ்வொரு துளையும் சிறுக்கும். இருபதாம் சல்லடையில் தங்கியது பருமுத்து. ஆயிரத்திலும் தங்காது போவது தூள். இப்பத்தெண்களை உற்றுநோக்குக. பருமுத்துக்களின் பக்கத்தில் 20, 30, 50 என நெருங்கியும், சிறு முத்துக்களின் பக்கத்தில் 400, 600, 800 என அகன்றும் வகுத்துள்ளனர். துளைத் தொகையிலுள்ள இவ்விடைவெளியை விட்டமாக மாற்றிக் கணக்கிட்டாலும் சமத்துவம் வாராது. வகுப்புக்கள் யாவும் சம அகலமாய் இருக்கவேண்டியதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனோடு அவர்கள் நின்றாரல்லர். சல்லடை பருமனை மட்டுமே பிரிக்கும். உருட்சியையும் ஒளியையும் பிரிக்காது. ஆகவே ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியவற்றை மீண்டும் கண்ணாற் பார்த்துத் தரம் பிரித்தனர். குற்றமற உருண்டு ஒளிர்வது ஆணி. அதனிற் குறைந்தவற்றுக்குக் களிப்பு, குறள், வடிவு முதலாகப் பல பெயர்கள். பருமன் ஒரு திசையிலும் தரம் ஒரு திசையிலுமாக நிற்கும் இருவழி அட்டவணை ஒன்றை வணிகர் தாளில் வரையாமல் துணியின்மேல் முத்துக் குவியல்களாகவே பரப்பி வைத்தனர் என்க. ஒவ்வொரு குவியலையும் மஞ்சாடி நிறையால் நிறுத்தபின்னரே விலை பேசப்படும்.

இருவழி அட்டவணையின் ஆற்றல் பார்களின் கணக்கிலே இன்னும் தெளிவாக விளங்குகின்றது. சிப்பி நான்கைந்து ஆண்டு வளர்ந்தாலன்றிக் குளிப்புக்கு உதவாது. மேலும் சில ஆண்டு விட்டுவைத்தால் முதிர்ந்து இறந்துபோம். ஆதலின் பரிசோதகர்கள் பார்களுக்குச் சென்று குளிகாரரை இறக்கி, எங்கே இளஞ்சிப்பி, எங்கே முதிர்சிப்பி, எங்கே வெறுங்கல் எனப் பார்த்து எழுதினர். மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, முத்தை மதிப்பிடுவித்தனர். இவ்வறிக்கைகள் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அவ்வடுக்கு ஓர் ஆண்டில் எப்பாரிலே குளிக்கலாம் என்னும் கேள்விக்கு விடை கூறும். பார்கள் ஏன் திடீரென வெறுமையாகின்றன என்னும் கேள்விக்கு அது விடை கூறாது.

அக்கேள்விக்கு விடை காணவே லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்குத் துணைவராக வந்தார். அவர்தம் ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் அரச கழகத்தால் வெளியிடப்பட்டது. பழைய அறிக்கைகளிற் பரந்து கிடந்த குறிப்புக்களை ஒரு பாரின் கீழ் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பெரிய பாரைப் பற்றி வியப்பான ஓர் உண்மை வெளிப்பட்டது. கரையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தூரத்தில், ஆழ்கடலின் விளிம்பை அடுத்துக் கிடப்பது அப்பார். 1880ஆம் ஆண்டுக்குப் பின் அது குறைந்தது பதினொரு முறை இளஞ்சிப்பிகளால் நிறைந்திருந்தது. அப்பதினொன்றில் ஒரு முறையேனும் அது சலாபத்துக்கு உதவவில்லை.

ஆண்டு அறிக்கை ஒவ்வொன்றையும் தனியே படித்தவருக்குப் பெரிய பார் நம்பிக்கை ஊட்டும் பாராகவே தோன்றியிருக்கும். 'இளஞ்சிப்பி நிறைய உண்டு' என்பதன்றோ அதில் உள்ளது! அடுத்த பரிசோதனையில் அவை இல்லாதபோது அதுவும் ஒரு தனிச் செய்தியாகக் கழிந்துவிடும். பாரை வரியாகவும் ஆண்டை நிரலாகவும் வைத்து வரிவழியே கண்ணோட்டினால்தான் நிறைவு, வெறுமை, நிறைவு, வெறுமை என்னும் தாளம் தெரியும். குளிகாரர் அதனைத் தாய்ப்பார் என்று அழைத்தனர். அங்கிருந்தே இளஞ்சிப்பிகள் பிற பார்களுக்குக் குடிபெயர்கின்றன என்பது அவர்கள் கருத்து. ஹெர்ட்மன் கண்ட காரணம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்றின் அலையும் நீரோட்டமும் நேரே தாக்கும் அவ்விளிம்பில் இளஞ்சிப்பிகள் மணலால் மூடப்பட்டும் ஆழத்துக்குள் அடித்துச் செல்லப்பட்டும் அழிகின்றன. எஞ்சியவற்றைத் திருக்கை, கிளாத்தி முதலிய மீன்கள் தின்கின்றன. ஆகவே அவ்விளஞ்சிப்பிகளை அள்ளிக் கரைக்கு அண்மையிலுள்ள காவலான பார்களிற் கொண்டுபோய் இடுதல் வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். பெயரிட்ட குளிகாரரும் ஆராய்ந்த பேராசிரியரும் ஒரே காட்சியையே விளக்க முயன்றனர் என்பது கருதத்தக்கது. முத்து உண்டாவதற்கு ஒருவகை நாடாப்புழுவின் குடம்பியே காரணம் என்று அவர் கொண்ட கொள்கை பிற்காலத்தில் நிலைக்கவில்லை. பார்களைப் பற்றிய அவர் கணக்கோ இன்றும் படிக்கத் தகுந்தது.

இனி வரைபடங்களுக்கு வருவோம். சலாகை வரைபடமும் கோட்டு வரைபடமும் இன்று சிறுவருக்கும் பழக்கமானவை, ஆயினும் வணிகக் கணக்கைக் கோட்டாலும் சலாகையாலும் காட்டி நூலாக வெளியிட்ட முன்னோடி உவில்லியம் பிளேபெயர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர், ஆண்டு 1786. இறக்குமதி ஏற்றுமதிகளை ஆண்டுதோறும் தொடரும் கோடுகளாக வரைந்த அவர், ஸ்கொத்லாந்தின் வணிகத்துக்கு ஓராண்டுக் கணக்கே கையில் இருந்தமையால், நாடுகளின் பெயரை வரிசையாக எழுதி அவற்றுக்கு எதிரே சலாகைகளை இட்டார். தரவு போதாமையிற் பிறந்தது சலாகை என்றால் மிகையாகாது. வட்டத்தைப் பங்கிட்டுக் காட்டும் முறையும் அவருடையதே; அது 1801இல், நோர்த் அரிப்பில் மாளிகை தொடங்கிய அதே ஆண்டில் வெளிவந்தது. வட்ட வரைபுக்குக் கொட்டின் பங்கீடு தக்க எடுத்துக்காட்டு: அரசாங்கத்தின் இரு பங்குக்கு 240 பாகை, குளிகாரரின் ஒரு பங்குக்கு 120 பாகை. முழுமை ஒன்று, பங்குகள் சில என்னும் நிலையில் வட்டம் அழகாகப் பேசும். பத்துச் சல்லடைக்கும் பத்து நிறங்கொண்ட வட்டம் வரைவோர் பார்ப்பவரின் கண்ணுக்குத் தீங்கு செய்கின்றனர்.

1892 முதல் 1902 வரை பதினோராண்டு சலாபமே நிகழவில்லை. 1903இற் பார்கள் மீண்டும் பலன் தந்தன. அவ்வாண்டு அரசாங்கம் பெற்ற வருவாய் ஏறத்தாழ 8.3 இலட்ச ரூபாய், 1904இல் 10.7 இலட்சம், 1905இல் 25.1 இலட்சம். 1905இல் எடுக்கப்பட்ட சிப்பிகளின் தொகை எட்டுக் கோடியைத் தொட்டது என்பர். இம்மூன்றையும் சலாகைகளாக வரைவோம். இரண்டு இலட்சத்துக்கு ஒரு சதமமீற்றர் எனக் கொண்டால் உயரங்கள் முறையே 4.15, 5.35, 12.55 சதமமீற்றர். மூன்றாவது முதலாவதைப் போல மும்மடங்கு. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி ஒருவர் செங்குத்து அச்சைப் பூச்சியத்திற் தொடங்காது 8 இலட்சத்திற் தொடங்குவாராயின், முதற் சலாகை 0.3 இலட்சத்தின் உயரமும் மூன்றாவது 17.1 இலட்சத்தின் உயரமும் பெறும். கண்ணுக்குத் தோன்றும் விகிதம் ஐம்பத்தேழு மடங்காகிவிடும். எண்களில் ஒன்றும் மாறவில்லை. படமோ பொய் சொல்கின்றது. சலாகை நீளத்தாற் பேசுவது. அதன் அடியை வெட்டினால் அதன் சொல்லையே வெட்டியவராவோம். கோட்டு வரைபடம் ஏற்றத் தாழ்வின் சாய்வாற் பேசுவதாகலின் அங்கே சிறிது விட்டுக்கொடுக்கலாம். அப்போதும் அச்சு முறிந்துள்ளதைக் குறித்தல் வேண்டும்.

அச்சின் அடி சரியாகவே இருந்தும், மேற்படி மூன்று சலாகைகள் மற்றொரு விதத்திற் பொய்யாகலாம். படம் எந்த ஆண்டிலே தொடங்குகின்றது என்பதே அது. 1903, 1904, 1905 என்னும் மூன்றை மட்டும் வரைந்தால் ஏறிச் செல்லும் படிக்கட்டுப் போலத் தோன்றும். மூன்றின் கூட்டுத்தொகை 44.1 இலட்சம், இடை ஆண்டுக்கு 14.7 இலட்சம். இதற்கு முன்னுள்ள பதினோராண்டுகளுக்கும் பூச்சியம் எனப் பதினொரு வெற்றிடங்களை விட்டு, பதினான்கு ஆண்டுகளையும் ஒரே படத்தில் வரைவோமாயின் நீண்ட வெறுநிலத்தின் முடிவிலே மூன்று தூண்கள் நிற்கும். அப்போது இடை ஆண்டுக்கு 3.15 இலட்சமே. இடையமும் ஆகாரமும் பூச்சியம்.

இதில் வெறும் கணக்குப் பயிற்சியை விட மேலானது ஒன்று தங்கியிருந்தது. இலங்கை முத்துக் குளிப்போர் கம்பனி என்னும் இலண்டன் நிறுவனம் 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு இச்சலாபத்தைக் குத்தகையாகப் பெற்றது. ஆண்டுக் குத்தகை 3.1 இலட்ச ரூபாய், அஃதாவது ஏறக்குறைய 20,000 பவுண். மூன்று தூண்களை மட்டும் பார்த்தவருக்கு 14.7 இலட்சம் தரும் சொத்து 3.1 இலட்சத்துக்குக் கிடைத்ததாகத் தோன்றும். பதினான்கு ஆண்டுப் படத்தைப் பார்த்தவருக்கு அக்குத்தகை, நிகழ்ந்த சராசரி வருவாயோடு ஏறத்தாழச் சமமாய் நிற்பது புலனாகும். குத்தகை அவ்வாறு கணக்கிட்டே குறிக்கப்பட்டது என்று நான் கூறவில்லை. கம்பனியார் கண்மூடிச் சென்றார் என்பதும் நியாயமன்று. ஹெர்ட்மனின் ஆய்வை ஒட்டிப் பார்களை வளப்படுத்தி வெற்றாண்டுகளையே ஒழித்துவிடலாம் என்னும் நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. 1906இலும் 1907இலும் குளிப்பு நிகழ்ந்தது. பின்னர்ப் பார்கள் வெறுமையாயின. குத்தகையோ ஆண்டுதோறும் நின்றது. 1912இற் கம்பனி கலைக்கப்பட்டது.

வெற்றாண்டுகள் புதுமையன்று என்பதைப் பழைய கணக்கு முன்னரே காட்டியிருந்தது:

| சலாபம் தவறிய காலம் | ஆட்சி |
|---|---|
| 1732 – 1746 | ஒல்லாந்தர் |
| 1768 – 1796 | ஒல்லாந்தர் |
| 1820 – 1828 | பிரித்தானியர் |
| 1837 – 1854 | பிரித்தானியர் |
| 1864 முதற் சில ஆண்டுகள் | பிரித்தானியர் |
| 1892 – 1902 | பிரித்தானியர் |

இது வருவாயை ஒரு சதமேனும் கூறாத அட்டவணை. இருந்தும் இருபதாண்டுக் குத்தகை எழுதுவோர் முதலிற் படிக்கவேண்டியது இதனையே. கணக்கேடுகள் பொதுவாக வந்ததை எழுதும், வராததை எழுதா. சலாபம் நிகழ்ந்த ஆண்டுகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய பட்டியலில் 1891க்கு அடுத்த வரி 1903 ஆகவே இருக்கும். அவ்விரு வரிகளுக்கும் இடையே ஒரு தலைமுறைச் சிறுவர் வளர்ந்துவிட்டனர் என்பது தாளில் தெரியாது. ஆதலின் காலத்தொடர் அட்டவணையில் ஒன்றும் நிகழாத ஆண்டுக்கும் ஒரு வரி வேண்டும். ஐந்தாவது வரியில் முடிவு ஆண்டு இல்லாததையும் வாசகர் கவனித்திருப்பர். அழகுக்காக ஓர் ஆண்டை அங்கே நிரப்புதலினும் அவ்வாறே விடுதல் நன்று.

இத்தகைய தரவுக்குக் கோட்டு வரைபடம் பொருந்தாது என்பதும் இங்கு விளங்கும். 1891இன் புள்ளியையும் 1903இன் புள்ளியையும் கோட்டால் இணைத்தால், 1897இற் கடலிலிருந்து ஒரு சிப்பியும் எடாதிருந்தும் கோடு அவ்வாண்டுக்கு இலட்சக்கணக்கில் வருவாய் காட்டும். இரு புள்ளிகளுக்கு இடையிலும் பொருள் தொடர்ந்து இருந்தது, மெல்ல மாறியது என்று நமக்குத் தெரிந்தாலன்றிக் கோடு இழுத்தலாகாது. கடல்மட்டம், வெப்பநிலை, நோயாளியின் உடற்சூடு ஆகியவற்றுக்குக் கோடு தகும்.

குடித்தொகைக்கும் கோடு தகும் என்றே நாம் கற்பிக்கின்றோம். பெரும்பாலும் அது சரியே. மன்னார் மாவட்டத்தில் மட்டும் அது தடுமாறுகின்றது. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தின் குடித்தொகை 1 இலட்சத்து 6 ஆயிரத்துக்கு மேல். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 99,570. இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், முப்பத்தோராண்டில் ஆறு ஏழு வீதம் மெல்லக் குறைந்த அமைதியான ஊர் ஒன்று தோன்றும். உண்மையில் அவ்விடைக்காலத்திலே போர் நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டு ஒற்றோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் அடங்கிய முசலிக் கரையும், தீவிலுள்ள எருக்கலம்பிட்டியும் வெறுமையாகி, மக்கள் புத்தளத்திலே தஞ்சம் புகுந்தனர். தலைமன்னார்க் கரையிலிருந்தும் பேசாலையிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் சென்றன. 2009இற் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர், சிலர் மீளவில்லை. கோடு இவற்றுள் எதன்மீதும் தட்டாமற் செல்கின்றது.

இடையில் எண்கள் இல்லாமைக்கும் காரணம் உண்டு. 1991இல் நாட்டிற் குடிசன மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது பதினெட்டு மாவட்டங்களிலேயே அது முழுமையாக நிறைவேறியது. மன்னார் அவற்றுள் ஒன்றன்று. அட்டவணையில் இவ்விரு ஆண்டுகளுக்குரிய கட்டங்களில் என்ன எழுதுவது? பூச்சியம் எழுதினால் மக்களே இல்லை என்றாகும். சலாபம் நிகழாத 1897க்குப் பூச்சியம் எழுதியது சரி. ஏனெனில் அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இங்கோ மக்கள் இருந்தனர், எண்ணுவோர் செல்லவில்லை. கட்டத்தை வெறிதே விட்டால் எழுத மறந்ததாகக் கொள்வர். இத்தகைய கட்டத்திற் சிறு கோடு ஒன்றை இட்டு, அடியிலே காரணத்தைக் குறிப்பாக எழுதுவது புள்ளிவிபர வெளியீடுகளின் மரபு. வரைபடத்தில் 1981க்கு ஒரு புள்ளியும் 2012க்கு ஒரு புள்ளியும் இட்டு, இடையிலே கோடு இழுக்காது விட்டு, 1991இன் மேலும் 2001இன் மேலும் 'கணக்கெடுப்பு இல்லை', 'முழுமையற்றது' என்று எழுதுக. 2024இல் நாடு முழுவதும் மீண்டும் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. அதன் மாவட்ட எண்ணை மூன்றாவது புள்ளியாக அப்படத்தில் மாணவர் தாமே இடலாம்.